தாலி வளையத்தில் ஒரு வெள்ளைக் கோடு

தம்பி,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. பட்டறை மேசையில் பற்றவைக்கத் தடவும் வெண்காரப் பசை டின்னுக்கு அடியில் திறந்தபடியே வைத்துவிட்டுப் போகிறேன். உன் அப்பா படித்தால் படிக்கட்டும். யாழினி படித்தால் இன்னும் நல்லது. அடுத்த வாரம் உனக்கும் அவளுக்கும் கல்யாணம். பத்திரிகை கொடுத்தாயிற்று, மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, கோலா கங்சாரில் உன் சித்தப்பா கல்யாணத்துக்கென்றே தன் காடிக்குப் புது டயர் மாட்டிவிட்டார். ஆனால் தாலி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பூசை அறைக்கு அது ஏன் வரவில்லை என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறாயே, அதிலேயே எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. மீதியை அம்மா நான் எழுதுகிறேன். கைப்பேசியைத் தூர வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

இந்த வீட்டில் என்னைப் பற்றி என்ன பேச்சு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கோயிலில் கொடுத்த விபூதியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவாள் என்று உன் அப்பா ஆளுக்கு ஆள் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவள் நான். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் என் வேலை என்ன? ஏர்கானுக்குப் போகிற சின்னச் சின்னச் செப்பு, பித்தளை உறுப்புகளை வெள்ளிக் கம்பியால் பற்றவைப்பது, பிறகு அடுத்தவர்கள் பற்றவைத்ததைச் சோதிப்பது. மேலே பளபளவென்று சுற்றிவர வெள்ளி படிந்திருக்கும். சோப்புத் தண்ணீரில் முக்கிக் காற்றை விட்டால் புளுக்கென்று ஒரு கொப்புளம் வரும். வெள்ளி வாசலோடு நின்றிருக்கும், இடுக்குக்குள் போயிருக்காது. அழகாக இருக்கிற பற்றைத்தான் நான் முதலில் எடுத்துப் பார்ப்பேன். வேலையை விட்டு வீட்டுக்குப் பின்னால் சொந்தப் பட்டறை போட்ட பிறகும் அந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை. போகவும் வேண்டாம்.

ஒரு தடவை புது ஆள் ஒருவன் மலிவாக வெள்ளிக் கம்பி கொண்டுவந்து கொடுத்தானே, ஞாபகம் இருக்கிறதா? "சாமா லா அக்கா, அதே சாமான்தான்!" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை. முதல் கம்பியைச் சூடாக்கியதும் மஞ்சளாய் ஒரு புகை எழுந்தது. நான் நெருப்பு ஊதும் டார்ச்சை அணைத்துவிட்டு உன்னையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். காட்மியம் கலந்த கம்பி, நெஞ்சைத் தின்றுவிடும் புகை. "பாவம், அவனுக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார் உன் அப்பா. உலகத்தில் எல்லாருமே அவருக்குப் பாவம்தான். ஒரு வீட்டில் ஒருவர் அப்படி இருந்தால் இன்னொருவர் இப்படித்தான் இருந்தாக வேண்டும்.

சரி, தாலிக்கு வருகிறேன். நல்ல நாள் பார்த்துப் பொன்னுருக்கி, ஈப்போவில் நமக்குத் தெரிந்த பத்தரிடம் தாலி செய்யக் கொடுத்தோம். வாங்கப் போன அன்று என் லென்ஸையும் கொண்டுபோனேன். பத்தர் நொந்துபோய், "அம்மா, நீங்க தாலி வாங்க வந்தீங்களா, கேஸ் புடிக்க வந்தீங்களா?" என்று கேட்டார். நான் பாட்டுக்கு லென்ஸைக் கண்ணில் வைத்தேன். தாலியின் தலையில் கயிறு கோக்கும் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தங்கப் பொடி வைத்தே ஒட்டியிருந்தார். ஒட்டு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. நல்ல வேலை. அதை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், வாய்விட்டுச் சொன்னால் கூலியை ஏற்றிவிடுவார்.

யாழினி வீட்டில் ஒரு வழக்கம் சொன்னார்கள். அவர்கள் குடும்பம் முன்பு இருந்த எஸ்டேட், சித்தியவான் பக்கம். ரப்பர் பால்மரமெல்லாம் போய் இப்போது செம்பனை நிற்கிறது, குடியிருந்த லயமும் இல்லை, அம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பெண்களுக்குக் கட்டும் தாலி எதுவானாலும் முதலில் அந்த அம்மன் காலடியில் ஒரு ராத்திரி இருந்துவிட்டுத்தான் வர வேண்டும். எனக்குத் தாலியைக் கையைவிட்டு அனுப்ப மனசே இல்லை. உன் அப்பா, "அவங்க சாமி, அவங்க வழக்கம், நீ குறுக்க நிக்காத" என்றார். போன சனிக்கிழமை நீ எடுத்துக்கொண்டு போனாய். நானும் அப்பாவும் பத்திரிகை வைக்கக் கோலா கங்சார் போய், உன் சித்தப்பா வீட்டில் தங்கிவிட்டு, ஞாயிறு சாயங்காலம்தான் திரும்பினோம். நீயும் வந்தாய். மஞ்சள் துணியோடு தாலியை என் கையில் கொடுத்தாய். கொடுத்துவிட்டு நேராகக் குளிக்கப் போனாய். வந்ததும் சோறு கேட்கிறவன் குளிக்கப் போனால் எனக்குச் சந்தேகம் வருமா வராதா?

லென்ஸை எடுத்தேன். வளையத்தில் ஒரு வெள்ளைக் கோடு.

தங்கத்தில் வெள்ளைக் கோடு என்றால் வெள்ளிக் கம்பி. வெள்ளிக் கம்பி என்றால் வளையம் விட்டுப்போய் மறுபடி ஒட்டியிருக்கிறது. எந்தப் பத்தரும் தாலியை வெள்ளிக் கம்பியால் ஒட்டமாட்டான், அவன் மானம் போய்விடும். அப்படியென்றால் இது நான் கொடுத்த தாலிதானா? அன்று ராத்திரி முழுக்க என் தலையில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். யாழினியின் அம்மா கணவனை இழந்தவர். அவர் கழுத்திலிருந்து கழற்றிய தாலி எங்கே? அதைத்தான் ஒட்டிப்போட்டு, எடை சரிபார்த்து, நம்முடையதை வைத்துக்கொண்டு இதை அனுப்பிவிட்டார்களா? எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் நினைத்தேன். நினைத்துவிட்டு இல்லையென்று சொல்ல எனக்குத் தெரியாது.

உன்னிடம் நேராகக் கேட்கவில்லை. "பூசையெல்லாம் நல்லா நடந்துச்சா?" என்று மட்டும் கேட்டேன். "ம்ம்" என்றாய், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே. சரி, இவனுக்கு எதுவும் தெரியாது, என் பிள்ளை வெள்ளந்தி, அவர்கள் இவனை ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். பார், எவ்வளவு சந்தேகம் என்னிடம்! அத்தனையும் ஊரார்மேல். ஒரு துளி உன்மேல் விழவில்லை.

நீ வேலைக்குப் போன பிறகு ரவிக்கை அளவு கேட்கிற சாக்கில் அப்பாவைக் காடி எடுக்கச் சொல்லிச் சித்தியவான் போனேன். யாழினியின் அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். முகம் கழுவக்கூட நேரமில்லாமல் எங்களுக்குப் பால் ஊற்றாத தேஓ கலக்கிக் கொடுத்தார். நான் ஒரு வாய் குடித்துவிட்டு ஆரம்பித்தேன்.

"சம்மந்தி, கோயில்ல தாலி யாரு கையில இருந்துச்சு?"

"பூசாரி கையிலதான்க்கா. காலையில உங்க மகன் வாங்கிக்கிட்டாரு. ஏன்?"

"சும்மா கேட்டேன் லா."

உன் அப்பா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். மிதித்ததும் எனக்கு இன்னும் ஏறிவிட்டது. "சும்மா இல்ல. வளையத்துல வெள்ளைக் கோடு ஒண்ணு இருக்கு. நான் குடுத்தப்ப அது இல்ல."

அந்த அம்மா என்னையே பார்த்தார். "நாங்க மாத்திட்டோம்னு சொல்றீங்களாக்கா?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லல. ஆனா நெனைக்கிறீங்க."

அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். உள்ளேயிருந்து யாழினி வந்தாள். வந்தவள் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நான்தான் அத்தே. கை தவறிக் கீழ போட்டுட்டேன், வளையம் விட்டுப் போச்சு. பத்தர்கிட்ட குடுத்து ஒட்டிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது."

"எந்தப் பத்தரு?"

"பாசார் பக்கத்துல."

"பேரு?"

அவள் முழித்தாள். அவள் கையைப் பார்த்தேன். ஒரு கையில் மட்டும் விரல் நுனிகளில் பிளாஸ்டர் சுற்றியிருந்தாள். எந்தக் கை என்று இங்கே எழுதமாட்டேன், காரணம் இருக்கிறது. "வெரல்ல என்ன?" என்று கேட்டேன். "வாழைப்பழம் பொரிச்சு கோரெங் பிசாங் போட்டேன் அத்தே, எண்ணெ தெறிச்சிடுச்சு" என்றாள். எண்ணெய் தெறித்தால் புறங்கையில் தெறிக்கும், விரல் நுனியின் உள்பக்கம் எப்படித் தெறிக்கும்? ரெண்டாவது பொய் என்று கணக்கில் வைத்துக்கொண்டேன். அவள் அம்மாவோ, "என் மொகத்துல கரியப் பூசிட்டியேடி, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று அவளைக் கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். யாழினி தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நின்றாள். எனக்கு அப்போது இரக்கமே வரவில்லை, தம்பி. பொய் சொல்லிப் பிடிபட்டவள் எப்படி நிற்பாளோ அப்படித்தான் நிற்கிறாள் என்றுதான் பட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் ரேடியோவைப் போட்டார். நான் அணைத்தேன். அவர் மறுபடி போட்டார்.

அன்று சோறு போடும்போது உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாழினி தானே கீழே போட்டதாக ஒத்துக்கொண்டாள், பத்தர் பேர் கேட்டால் முழிக்கிறாள், அவள் அம்மா அழுதார், எல்லாம். நீ தட்டைப் பார்த்தபடி கேட்டாய். கடைசியில், "விடு லாம்மா, தெரியாம நடந்திருக்கும். இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றாய்.

ஊற்றினேன். உனக்கு ரசம் ஊற்றிய கரண்டியை இப்போது நினைத்தால் எனக்கு எரிகிறது.

நேற்று பட்டறையில் ஒரு பித்தளைக் குழாய் வேலை. பசை டின்னை எடுத்தால் மூடி கோணலாக ஏறி நிற்கிறது. நான் அப்படி மூடுவதில்லை. நீயும் அப்படி மூடுவதில்லை, ஏனென்றால் நீ மூடுவதே இல்லை. அப்படியென்றால் இந்த டின்னைத் தொட்டுப் பழக்கமில்லாத யாரோ, இடத்தைச் சுத்தமாக விட்டுப் போக வேண்டும் என்று நினைக்கிற யாரோ, மூடியிருக்கிறார்கள். உள்ளே போய்த் தாலியை எடுத்து வந்து மேசை விளக்கை இழுத்துப் போட்டுப் பார்த்தேன். இதுவரை கோடு எதனால் ஆனது என்றுதான் பார்த்திருந்தேன். யார் போட்டது என்று பார்க்கவில்லை. கோட்டின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில், பக்கவாட்டில் இழுத்த ஒரு வால். வெள்ளி ஓடியதும் கம்பியை மேலே தூக்காமல் பக்கத்தில் இழுத்தால் விழுகிற வால். எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்? "மேல தூக்குடா, மேல தூக்கு!" என்று கத்திக் கத்தி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். நீ ஏர்கான் வேலைக்குப் போய் இத்தனை வருஷம் ஆகியும் உன் செப்புக் குழாய் ஒவ்வொன்றிலும் அந்த வால் இருக்கிறது. இந்தத் தாலியிலும் இருக்கிறது.

ஆக, கீழே போட்டதோ, சாவிக்கொத்தோடு பாக்கெட்டில் போட்டு இழுத்ததோ, அதுவும் நீதான். உன் பாக்கெட்டை எனக்குத் தெரியும். கட்டுவதற்கு முன்பே தாலி அறுந்தது என்று கேள்விப்பட்டால் அம்மா சகுனம் பார்த்துக் கல்யாணத்தையே நிறுத்திவிடுவாள் என்று பயந்திருக்கிறாய். பயந்தது தப்பில்லை. நிறுத்தியிருப்பேன். நாங்கள் ஊரில் இல்லாத ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வந்து, என் மேசையில், என் கம்பியில், என் டார்ச்சில் ஒட்டியிருக்கிறாய். தங்கத்துக்கு வெள்ளிக் கம்பி ஆகாது என்று தெரிந்தும் கையில் இருந்ததை வைத்து ஒட்டியிருக்கிறாய். இதுவரைக்கும்கூட நான் உன்னை மன்னித்துவிடுவேன்.

பிறகுதான் இன்னொன்று உறைத்தது. உனக்கு இரண்டு கைதான். ஒன்றில் டார்ச், ஒன்றில் கம்பி. வளையத்தை யார் பிடித்தது? நம்முடைய பூட்டு இடுக்கிக்குப் பல் உண்டு, கடித்தால் தங்கத்தில் தடம் விழும். லென்ஸில் ஒரு தடமும் இல்லை. செங்கல்லில் படுக்கவைத்தால் வளையம் தாலியோடு நேராக உட்காராது. ஆக, பல் இல்லாத அந்தச் சின்ன இடுக்கியால் யாரோ கையில் பிடித்திருக்கிறார்கள். அது குட்டை இடுக்கி. சூடு ஏறினால் பிடிக்கிற இடம்வரை ஏறிவிடும். பழகியவர்கள் ஈரத் துணியைச் சுற்றிக்கொள்வார்கள். பழகாதவர்களுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். நீ சொல்லவில்லை.

நான் சந்தேகத்தைப் பாதியில் விடுகிறவள் இல்லையே. ஒரு பித்தளை வளையத்தை எடுத்தேன், அதே இடுக்கியால் வெறுங்கையில் பிடித்தேன். உன் அப்பாவைக் கூப்பிட்டு டார்ச்சைப் பிடிக்கச் சொன்னேன். "உனக்கு என்னா பைத்தியமா?" என்றார், பிடித்தார். வளையம் சிவந்தது, நான் கம்பியைத் தொட்டேன், வெள்ளி ஓடியது. அவர் நெருப்பை எடுத்துவிட்டார். இனி வெள்ளி உறைகிறவரை அசையாமல் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் சூடு விரலுக்கு வந்தது. ஐயோ என்று கையை உதறிவிட்டேன். இந்தக் கை எத்தனை நெருப்பைப் பார்த்த கை, தம்பி! அது தாங்கவில்லை. கீழே விழுந்த வளையத்தை எடுத்துப் பார்த்தேன். உறைகிற நேரத்தில் அசைந்தால் எப்படி ஆகுமோ அப்படி ஆகியிருந்தது, மேலே மணல் போலப் பொரிந்து, நகத்தால் நெம்பினால் விட்டுவிடும் போல. பிறகு தாலியின் கோட்டைப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. ஒரு மயிரிழைகூட அசையாமல் உறைந்த பற்று அது.

அவள் விடவில்லை. விரல் வெந்துகொண்டிருக்கிறது, அவள் விடவில்லை. விட்டால் தாலி கெட்டுவிடும் என்று பிடித்திருக்கிறாள். பிறகு நான் போய் அவள் வீட்டில் உட்கார்ந்து, அவள் அம்மாவின் தேஓவைக் குடித்துக்கொண்டே கேட்டபோதும் விடவில்லை. "உங்க மகன்தான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பெற்ற தாய் அழுவதைப் பார்த்துக்கொண்டு உன்னைக் காப்பாற்றினாள்.

என்னுடைய சந்தேகம் எங்கும் போய்விடவில்லை. ஆள்தான் மாறியிருக்கிறது. இப்போது உன்னைச் சந்தேகப்படுகிறேன். அவள் விரல் சுட்டபோது நீ எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்? வெள்ளி ஓடுவதையா? அவள் முகத்தைப் பார்த்திருந்தால் ஓர் ஈரத் துணியாவது எடுத்துக் கொடுத்திருப்பாய். சரி, வேலை மும்முரம் என்று வைத்துக்கொள்வோம். அவள் பழியை ஏற்றுக்கொண்டாள் என்று நான் சொன்னபோது எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்? அப்போது உன் கையில் டார்ச் இல்லையே. இந்தப் பெண் என் பிள்ளைக்குச் சரிப்பட்டு வருவாளா என்று ஊர் ஊராக விசாரித்தவள் நான். அதே கேள்வியைத் திருப்பிக் கேட்க யாழினிக்கு ஓர் ஆள் இல்லை. அதனால் நானே கேட்கிறேன்: என் பிள்ளை அவளுக்குச் சரிப்பட்டு வருவானா? எனக்குப் பதில் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை என்றால் எவ்வளவு கேவலம் பார்.

பத்தரிடம் காலையில் கேட்டேன். சின்ன வேலைதான், வெள்ளியை எடுத்துவிட்டுத் தங்கப் பொடி வைத்து ஊதித் தருகிறேன், கோடே தெரியாது என்றார். வேண்டாம் என்றேன். அந்தக் கோடு அங்கேயே இருக்கட்டும்.

உன் அப்பா வெளியே காடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் சித்தியவான் கிளம்புகிறோம். யாழினியின் அம்மாவிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டுவிடுவேன். உன்னுடையதை நான் கேட்கமாட்டேன், உனக்காக ஒரு வார்த்தை பேசவும் மாட்டேன். தாலியைக் கையோடு எடுத்துப் போகிறேன். வேலை முடிந்து இதைப் படித்ததும் நேராக அங்கே வா. யார் உடைத்தது, யார் ஒட்டியது, யார் பிடித்தது என்று அவள் அம்மா முன்னால் உன் வாயால் சொல். கேட்டுவிட்டு யாழினி தலையசைத்தால் தாலியைத் தருகிறேன். அவள் அசைக்காவிட்டால் பத்திரிகை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் நானே போய்ப் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

வரும் வழியில் தீப்புண் மருந்து வாங்கி வா. அவளுக்குப் போன் போட்டு எதுவும் கேட்டுவைக்காதே, கேட்டிருந்தால் உன் முகத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். நீ வந்ததும் வாசலிலேயே நிறுத்தி ஒன்றே ஒன்று கேட்பேன், அதற்குப் பிறகுதான் உள்ளே விடுவேன்.

அவளுக்கு எந்தக் கை?

அம்மா